பெருக்கல் குறி

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
காரின் வயிற்றிலிருந்து வயரை இழுத்து
சுவரில் செருகிவிட்டு மாடியேறினேன்.
வாரத்தின் முதல் புகார் காத்திருந்தது.
பெயர் கார்னீலியஸ் டேவ்ஸ், ஊர் அல்டோனா,
கனோலாவில் பத்து ஒப்பந்தம்.
"உங்கள் சார்ட் பொய் சொல்கிறது, ஒரிஸ்யா"
என்றார், கோபமே இல்லாமல்,
தராசில் முள் ஒட்டிக்கொள்கிறது என்பதுபோல.

பொய்தான்.
அறுநூற்று நாற்பதில் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தார்.
ஞாயிறு இரவு சந்தை திறந்ததே
அறுநூற்று இருபத்திரண்டில்.
இடையில் விலை என்று ஒன்று இல்லவே இல்லை.
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தவர்
தரையில் போய்த்தான் நின்றிருக்கிறார்.
எங்கள் மென்பொருளோ
அவர் கேட்ட நாற்பதிலேயே
சிவப்பாய் ஒரு பெருக்கல் குறி போட்டு
வெளியேறியாயிற்று என்கிறது,
காலி வெளியில், எந்த மெழுகுவர்த்தியும் தொடாத உயரத்தில்.

அந்த ஒரு வரி நான் எழுதியது.
குறியின் இடம் சமம் ஸ்டாப் விலை.
மூன்று வருடம் முன்பு, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்,
கேட்ட விலை வேறு கிடைத்த விலை வேறு
என்று தோன்றாத பசியில்.

திருத்த அரைமணி நேரம் ஆனது.
குறி பதினெட்டு டாலர் கீழே இறங்கி
பணம் உண்மையில் போன இடத்தில் உட்கார்ந்தது.
டன்னுக்குப் பதினெட்டு,
ஒப்பந்தத்துக்கு இருபது டன்,
பத்து ஒப்பந்தம்.
நஷ்டத்துக்குப் போய்
பெருக்கல் குறியைத் தேர்ந்தது யார் என்று தெரியவில்லை.
நானாகத்தான் இருக்கும்.

எப்போது காட்டுவது என்பது தனித் தலைவலி.
மெழுகுவர்த்தி முடியுமுன் போட்டால்
விலை ஒரு மூச்சு ஏறியதும்
குறி கண்சிமிட்டி மறைந்துவிடும்,
ஒன்றுமே நடக்காததுபோல.
முடிந்தபின் போட்டால்
எல்லாம் முன்பே தெரிந்த முகத்தோடு நிற்கும்.
பட்டவுடன் போடு, போட்டால் அழிக்காதே
என்று எழுதி மூடினேன்.

வியாழன் மறுபடி அழைத்தார்.
"கோட்டை நான் நகர்த்தினால்
பழைய இடம் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
மவுஸால் இழுத்ததும் கோடு
பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததாக ஆகிவிடும்.
"தெரிந்தால் நல்லது" என்றார்.

பதிவுக் கோப்பில் எல்லாமே கிடந்தது.
வரைந்து காட்டத்தான் யாரும் கேட்டதில்லை.
சாம்பல் நிறத்தில், ஒரு புள்ளி தடிமனில்,
ஸ்டாப் முன்பு நின்ற இடங்களை எல்லாம் வரைந்தேன்.
சோதிக்க அவருடைய கோப்பையே திறந்தேன்.

அறுநூற்று அறுபத்தெட்டு.
இரவு இரண்டு பத்துக்கு, அறுபத்தொன்று.
மறுநாள் ஐம்பத்தைந்து.
வெள்ளி மதியம், மணி அடிக்கப் பதினோரு நிமிடம் இருக்கையில், நாற்பது.
விலை ஒவ்வொரு முறை நெருங்கியபோதும்
கோடு நகர்ந்து வழி விட்டிருந்தது,
குறுகிய சந்தில் லாரிக்கு ஒதுங்குபவனைப் போல.
அவர் புகார் செய்த பதினெட்டு டாலருக்கு மேலே
இருபத்தெட்டு டாலர்
யாரும் புகார் செய்யாமல் கிடந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை.
புதிய பதிப்பை மட்டும் அனுப்பினேன்.
மாலையில் போன் வந்தது.
வெகுநேரம் பேச்சில்லை,
அந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரம்
எதையோ உருட்டிக்கொண்டிருந்தது,
பொத்தானோ சில்லறையோ.
"இதை மறைக்க ஒரு வழி வைப்பீர்களா?"
வைத்தேன். சின்னப் பெட்டி, ஒரு டிக்.

மார்ச்சில் வேறொரு கோளாறுக்காக
தன் அமைப்புகளை அனுப்பியிருந்தார்.
கேட்ட விஷயத்தைப் பார்க்குமுன்
கேட்காததைப் பார்த்தேன், தப்புதான்.
சாம்பல் கோடு: காலை ஏழு பன்னிரண்டுக்கு அணைத்திருக்கிறார்.
ஏழு பதினான்குக்கு மீண்டும் போட்டிருக்கிறார்.
தடிமன் ஒன்று என்பதை இரண்டாக்கி,
பிறகு மூன்றாக்கி.

மூன்றுக்கு மேல் நான் வைத்திருக்கவில்லை.