கொதிகலன் அறைச் சுவர்

கண்ணாடிப் பலகையில் உறைபனி.
அல்தாய்க்கு இந்தப் பக்கம் மைனஸ் முப்பத்தைந்து.
வாய் குவித்து ஊதினேன்.
ஆவி பட்ட வட்டத்தில் மட்டும்
அரசாங்கம் தெரிந்தது.

தபால் செலவு, ஆளுநர் ஜீப்புக்கு நாலு டயர்,
ஊதி ஊதிக் கீழே இறங்கினேன்.
கடைசி வரிக்குக் குனிய வேண்டியிருந்தது.
பள்ளி விடுதிக்கு நிலக்கரி: இருநூற்று நாற்பது டன்.

என் தோள் அங்கேயே இல்லை என்றது.
ஒவ்வொரு டன்னையும் அள்ளிப்போட்ட தோள்.

லாரி வந்து கொட்டும்போதெல்லாம்
கொதிகலன் அறைச் சுவரில்
கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பேன்.
யாரும் கேட்டதில்லை. சும்மா ஒரு பழக்கம்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
போய் எண்ணினேன். முப்பத்தொன்று.
லாரிக்கு ஐந்து டன்.
கணக்கு உதைத்தது,
பதினேழு லாரி தூரத்துக்கு.

மேய்ச்சல்காரர் பிள்ளைகள் அந்தக் குளிர்காலம்
கட்டிலுக்கு இருவராய், கோட்டோடு தூங்கினார்கள்.
நோமுந்தாரி கையுறையைக் கழற்றாமலே
பென்சில் பிடிக்கப் பழகியிருந்தாள்.
"பார்த்துப் போடு, கொம்போ" என்பார் கணக்கர்.
பார்த்துத்தான் போட்டேன்.

பலகையில் தாள் ஒட்டும் துல்மாவைக் கேட்டேன்.
"ஒட்டச் சொல்லிச் சட்டம், ஒட்டுகிறேன்.
படிக்கச் சொல்லி ஒருவருக்கும் சட்டமில்லை."
பிறகு கதவைப் பார்த்துவிட்டு,
"ஆனால் நீ படி" என்றாள்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன்.
"முதலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வா."
சிரித்தார்கள்.
"இது நூற்றைம்பத்தைந்து டன் கரி, ஐயா.
என் சம்பளத்தில் பத்தில் ஒன்றைப் பிடித்து வாங்கியது.
மீதி யார் முகத்தில்?"
அதற்குச் சிரிக்கவில்லை.
பின்வரிசையில் ஒரு கிழவர்
ஜூனில்தானே தேர்தல் என்று
பக்கத்து ஆளிடம் கேட்டார், கொஞ்சம் சத்தமாகவே.

மறுவாரம் உத்தரவு வந்தது:
கொதிகலன் அறைக்கு வெள்ளையடி.
இருபது வருடத்தில் முதல் முறை.
அடித்தேன். கோடுகள் போயின.

மாதம் மாறித் தாளும் மாறியது.
வெள்ளைப் பூச்சு: பன்னிரண்டு டப்பா.
வந்தது இரண்டு.
காலி டப்பா இரண்டையும்
பலகைக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.
புதுச் சுவரில் கரி
முன்னைவிட நன்றாக விழுகிறது.

இன்று காலை போனால்
கண்ணாடி முழுக்க யார் யாரோ ஊதிய வட்டங்கள்.
ஒன்று மிகத் தாழ்வாக,
என் இடுப்பு உயரத்தில், சின்னதாக.
கடைசி வரிக்கு அவள்
குனிய வேண்டியதில்லை.