நாற்பத்தொரு விநாடி

நெப்ராஸ்காவில் மக்காச்சோள அறுவடை முடிந்தும்
தூசி அடங்காத அக்டோபர்.
லிங்கன் நகரம், ஆறாவது மாடி, முப்பத்திரண்டாம் மேசை.
காதுக்கருவியை மாட்டிக்கொள்கிறேன்.
"வணக்கம், என் பெயர் மார்லா.
இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது."

பெயரைத் தவிர வேறெதுவும் என்னுடையதில்லை.
எல்லாம் கடன்சொற்கள்,
திரையில் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.
எதிர்முனை மூன்று விநாடி மௌனமானால்
அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும்.
அழுதால் அதற்கு ஒரு வரி.
கத்தினால் இரண்டு.
இறந்துவிட்டார் என்று மனைவி சொன்னால்
சான்றிதழ் அனுப்ப வேண்டிய முகவரி.

என் கல்விக்கடனும் இதே கணினியில்தான் இருக்கிறது.
முப்பத்தோராயிரத்து நானூறு டாலர்,
வெள்ளிக்கிழமை கட்ட வேண்டிய பருவக் கட்டணம் சேராமல்.
அதைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதியில்லை.
திறந்தால் வேலை போகும்.
போனால், சில மாதத்தில்
இதே நாற்காலியில் உட்கார்ந்து
வேறொருத்தி அதைத் திறப்பாள்.

பகலில் பேச்சுச் சிகிச்சை படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு,
முப்பத்தேழு வயதில்.
பாடப்புத்தகம் புதிது நூற்றெண்பது டாலர்.
பழையது அறுபதுக்குக் கிடைத்தது.
எனக்கு முன் படித்த யாரோ
மஞ்சள் மையில் கோடிட்டிருக்கிறார்,
ஏழாம் அத்தியாயம் வரை.
அதற்குப் பின் பக்கங்கள் சுத்தம்.
என்ன ஆனார் என்று கேட்கத் தேவையில்லாத
வேலையில் இருக்கிறேன்.
அவரையே ஒருநாள் அழைத்திருக்கவும் கூடும்.

கடைசியாக மஞ்சளான வரி இது:
திக்கிப் பேசுகிறவரின் வாக்கியத்தை
நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.
காத்திருங்கள்.

செவ்வாய் இரவு எட்டேகால்.
டெல்பர்ட் ஆஷ்குராஃப்ட், காஸ்பர், வயோமிங்.
வெல்டிங் பட்டயம்.
வாங்கியது பத்தொன்பதாயிரம்.
பதினோரு ஆண்டு முடிந்ததைக் கட்டியபின்
பாக்கி இருபத்திரண்டாயிரம்.
அசல் என்று ஒரு கட்டம் இருக்கிறது திரையில்.
ஒரு கீறலும் விழாமல்
அசலாகவே இருக்கிறது.

"பிறந்த தேதி சொல்லுங்கள்."

"ம்" என்றார். "ம். ம்."

மார்ச்சா, மேயா.
எனக்குத் தெரியும், கண்ணெதிரே இருக்கிறது.
நான் சொல்லிவிட்டால்
ஆமாம் என்பார், அவ்வளவுதான்.

மூன்று விநாடி. அடுத்த வரி மின்னியது.
பத்து. திரையோரம் மஞ்சள்.
இருபது. சிவப்பு.
உறைபனிக் காலையில் டிரக்கை முடுக்குகிற மாதிரி
அவர் மறுபடியும், மறுபடியும்.
கண்ணாடி அறையில் லொரெய்ன் எழுந்து நின்று
என் மேசையை எண்ணினாள்.
நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.
முப்பது. முப்பத்தைந்து.
பின்னால் அவர் வீட்டு நாய் ஒருமுறை குரைத்தது.

"மார்ச்" என்றார். "மார்ச் ஒன்பது."

மூச்சு வாங்கும் சத்தம்.
"லைன்ல இருக்கீங்களா?"
"இருக்கிறேன்."
"பொதுவா வெச்சிடுவாங்க."

அதற்கு வரி எதுவும் எழுதியிருக்கவில்லை.
நன்றி என்று நானே சொன்னேன்,
எதற்கென்று எனக்கும் தெரியாது.
அப்புறம் திரைக்குத் திரும்பி,
இந்த மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டேன்.

நாற்பது டாலர் கட்டினார்.
இரண்டு மாதமாக யாருக்கும் கட்டாதவர்.
காத்திருந்ததற்காகத்தான் கட்டினார்,
எனக்குத் தெரியும்.
நாற்பதும் வட்டிக்கே போனது.

லொரெய்ன் வந்து,
நேரத்துக்கு ஒரு கறுப்புப் புள்ளி போட்டாள்,
வசூலுக்கு ஒரு பச்சை நட்சத்திரம்.
"என்ன பண்ணினே அவன்கிட்ட?" என்றாள்.
"சொல்லிக்கொடு, மற்றவர்களுக்கும் பழக்கலாம்."

கடன் வாங்கிக் கற்ற ஒன்றே ஒன்று.
அதையும் இங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டேன்.

கடைசிப் பேருந்தில் எட்டாம் அத்தியாயம் திறந்தேன்.
குழந்தைகள் முதல் சொல்லுக்கு முன்
என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி.
நல்ல வரிகள் நிறைய.
பென்சிலால்தான் கோடிட்டேன், மெல்லிசாக.
மே மாதம் அழித்துவிட்டு
ஐம்பதுக்காவது விற்க வேண்டும்.