அரை இஞ்ச் வலை

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வலைச்சுருள்
இருபது கொண்டை ஊசி வளைவும்
என் மடியில் உட்கார்ந்து ஏற்காடு ஏறியது.
பூனைக்குட்டி மிளகை ஜீப் அடித்த இடத்தில் மட்டும்
சன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

சில்வர் ஓக் கம்பு ஆறு.
வலை, அடியில் ஒரு முழம் மண்ணுக்குள்; நாய் தோண்டும்.
"மேலயும் மூடிருங்க," ஆணியைப் பல்லில் கடித்தபடி இன்னாசி,
"அதுக்கு வானமும் வாசப்படிதான்."

டீத்தூள் உள்ளே போய்
மூன்று நாள் எனக்கு முதுகைக் காட்டியது.
நான்காம் நாள் மூடுபனி
அரை இஞ்ச் கண் வழியே நுழைய,
ஒரு கை ஓங்கி அடித்துப் பார்த்தது.

அன்றிரவு கொக்கி போட மறந்திருக்கிறேன்.
விடிந்து போனால் உள்ளே இரண்டு பூனை.
வந்ததற்கு ஒரு காது பாதிதான்.
டீத்தூள் இடம் விட்டுத் தள்ளிப் படுத்திருந்தது.

கொக்கியை மாட்டினேன்.
இன்னொரு தட்டு தேட வேண்டும்.