பயனடைந்த ஊர்

மண்வெட்டி பிடிக்கத் தெரியாத
இருபத்துமூன்று பேர்.
முதல் நாளே லோகேஸ்வரியின் உள்ளங்கையில்
மூன்று கொப்புளம். பேர் வைத்தாள்:
இயற்பியல், வேதியியல், கணக்கு.

கால்வாய்க்குள் சீமைக்கருவேல வேர்,
பிராந்தி பாட்டில், ஒற்றைச் செருப்பு,
யாரோ தொலைத்த தெலுங்கு வாய்ப்பாடு.

சாயங்காலம் நாடகம்.
குடிகாரனாக வந்த முனிகிருஷ்ணன் அழுதபோது
ஊரே சிரித்தது.
மறுநாள் தெலுங்கில் அழுதான்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
வீட்டில் பேசுவது அதுதான் என்று
மூன்று வருஷமாய் எங்களிடம் சொன்னதில்லை அவன்.

ஆறாம் நாள் மழை.
வந்த தண்ணீர்
பள்ளிப்பட்டு ஏரியை எட்டிக்கூடப் பார்க்காமல்
எல்லைக்கல்லைத் தாண்டி
நகரிக்காரர் வேர்க்கடலைக்குள் இறங்கிவிட்டது.
"மட்டம் பார்த்தது யாருப்பா?"
கொப்புளம் உடைந்த கையை
எவன் தூக்குவான்?

அந்தப் பக்கமிருந்து ஒருவர்
குடையில்லாமல் வந்து
ஒரு படி அவித்த கடலையை
எங்கள் சட்டியில் கொட்டிவிட்டுப் போனார்,
ஒன்றும் கேட்காமல்.

அறிக்கையை நான்தான் எழுதுகிறேன்.
'பயனடைந்த ஊர்' என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

முனி,
அந்த ஊர்ப் பேரைத்
தமிழில் எப்படிடா எழுதுவது?