பெயரில்லாத ஆமை

லாபிஸில் மழை என்றால்
முதலில் நனைவது பள்ளியின் வைஃபைதான்.
என் கைப்பேசியைச் சன்னல் கம்பியில் சாய்த்துவைத்து
பதினெட்டுப் பேருக்கு டேட்டா பங்கிடுகிறேன்.
மாதக் கடைசிவரை தாங்கினால் சரி.

ஐந்தாம் படிவம், வேதியியல்.
அனுமதிக் கடிதத்தோடு வந்த கைப்பேசிகள்,
இரண்டில் கண்ணாடி உடைந்திருக்கிறது.
பொதுக்கோப்பின் சுட்டியை அனுப்பினேன்:
சுட்டி உள்ளவர் எவரும் எழுதலாம்.

பெயர் தராமல் நுழைபவருக்கு
கோப்பே ஒரு விலங்கைத் தரும்.
திரையின் மூலையில் ஒரு நரி, இரண்டு வௌவால்.
நீர்யானை ஹைரில்தான் என்று தெரிந்து
வகுப்பு சிரித்து அடங்க நான்கு நிமிடம்.

பாடம்: ரப்பர்ப்பால் உறைதல்.
மலாயில் எழுதியிருந்தேன்.
துகள் ஒவ்வொன்றையும் சுற்றி
எதிர்மின் சுமையோடு ஒரு புரதச் சவ்வு,
அதனால் ஒன்றையொன்று அண்டவிடாது.
அமிலம் விட்டால் சுமை தீரும்,
மோதும், சவ்வு கிழியும், சேர்ந்துவிடும்.
அமோனியா விட்டால் உறையாது.
இதற்கு நான்கு மதிப்பெண்.

மறுநாள் பார்த்தால்
கடைசி வரிக்குக் கீழே, தமிழில்:
'அமோனியா கண்ணக் கரிக்கும். அதையும் எழுதுங்க டீச்சர்.'
எழுதியது ஓர் ஆமை.
நேரம் விடியற்காலை நாலு நாற்பது.

நானில்லை, நானில்லை என்றது வகுப்பு.
வியாழக்கிழமை இன்னொன்று:
'மழை பேஞ்சா மங்கு பூரா தண்ணி.
அமிலம் ஊத்தி என்னா செய்ய?
அன்னிக்கி சம்பளமும் இல்ல.'

சியூ யென் கேட்டாள்:
இது என்ன எழுத்து சிகு, தேர்வில் வருமா?
கடைசி வரிசை லோகப்பிரியா எழுந்தாள்.
வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறப்பவள்.
வரிவரியாய் மலாயில் சொல்லிவந்தவள்
மங்கு என்ற இடத்தில் நின்று
இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள்.
மங்கோக்தானே, என்றான் ஹைரில்,
அதைச் சொல்வதற்கு இவ்வளவு யோசனையா?

கணினிப் பொறுப்பாசிரியர் காந்தீனில் பிடித்துக்கொண்டார்.
வெளியாள் நுழைகிறான், சுட்டியைப் பூட்டுங்கள்.
அவர் சொன்னது சரிதான்.
பூட்டும் பொத்தானைத் தேடி எடுத்தும் வைத்தேன்.

பிறகு நாலரைக்கு அலாரம் வைத்துக்கொண்டு
இருட்டில் கோப்பைத் திறந்தேன்.
ஆமை வந்திருந்தது.
ஓர் எழுத்து, ஒரு நிறுத்தம்,
இரண்டு எழுத்து, அழிப்பு.
'சவ்வுனா என்னா?'

முட்டை ஓட்டுக்கு உள்பக்கம்
வெள்ளையாய் ஒட்டியிருக்குமே, அதுபோல என்று தட்டினேன்.
என் பெயர் முழுதாய்ப் பக்கத்தில் தெரிந்தது.
நிலைகாட்டி வெகுநேரம் துடித்தபடியே இருந்தது.
'சரிங்க டீச்சர். பெரட்டுக்கு நேரமாச்சு.'
மூலையில் ஆமை இல்லை.

லோகப்பிரியாவின் கைப்பேசி
தினமும் பாதி பேட்டரியோடுதான் பள்ளிக்கு வரும்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
வௌவால்களில் ஒன்று அவளென்பது மட்டும் தெரியும்.

மாதிரித் தேர்வுத் தாள்களில்
ஹைரில், சியூ யென், இன்னும் மூவர்
அமோனியாவின் பயனை எழுதிவிட்டு
அடியில் சேர்த்திருந்தார்கள்: கண்ணைக் கரிக்கும்.
விடைத்திட்டத்தில் அதற்கு எண் இல்லை.
சிவப்பு மையில் சரி மட்டும் போட்டேன்,
ஐந்து தாளிலும்.

லோகப்பிரியா அதை எழுதவில்லை.
அவளுக்கு நான்குக்கு நான்கு.