நான்காம் பக்கம்

முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:
"வீட்டுக்கு வருபவர்கள் எப்போதும் கன்னத்தில் முத்தமிடுவார்கள்."
அன்செல்மோ "எப்போதும்" மேல் விரலை வைத்து மூடினான்.
மின்கணக்கு எடுக்க வந்தவர் முத்தமிடவில்லை.
காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் முத்தமிடவில்லை.
"இது பொய்."
ஏழு வயது.
மழை வருமென்று சொல்லி வராமல் போனால்
வானொலியை மன்னிக்க மூன்று நாள் எடுத்துக்கொள்பவன்.
வால்திவியாவில் அப்படி நடப்பது அபூர்வம்,
வானொலியின் அதிர்ஷ்டம்.

அடித்துவிட்டு "பெரும்பாலும்" என்று எழுதினேன்.
ஒரு சொல்லின் கூரைக்கடியில்
இத்தனை பேர் ஒதுங்கலாமா!

பேச்சுப் பயிற்சி தரும் பவுலினா சொல்லியிருந்தாள்,
ஒரு "செய்" எழுதுவதற்கு முன்
இப்படி நடக்கும், அவர்களுக்கு இப்படித் தோன்றும் என்று
இரண்டு மூன்று வரியாவது எழுது.
எழுத உட்கார்ந்தபோதுதான் என் வாய் என் காதில் விழுந்தது.
வா. உட்கார். அதை விடு. காதிலிருந்து கையை எடு.
என் பேச்சில்
ஏவல் எப்போதும் உப்பாகத் தூக்கல்.
இல்லை, பெரும்பாலும்.

அவர்களுக்கு எப்படித் தோன்றும்?
எதற்காக முத்தமிடுகிறோம்?
பேனா நின்றுவிட்டது.
முப்பத்து நான்கு வருடமாக வலக் கன்னத்தை
நீட்டிக்கொண்டிருக்கிறேன்,
தெரிந்தவர், பாதி தெரிந்தவர், பல் வைத்தியர்,
என்னை விட்டுப்போனவனின் புது மனைவி.
காரணம் கேட்டதில்லை.
கடைசியில் எழுதியது:
"உன்னைப் பார்த்ததில் சந்தோஷம் என்று சொல்லச்
சிலர் கன்னத்தைப் பயன்படுத்துகிறார்கள்."
"பயன்படுத்துகிறார்கள்" அவனுக்குப் பிடித்துவிட்டது.
அன்று முழுக்க
முள்கரண்டியை, கதவை, செருப்பைப் பயன்படுத்தினான்.

நான்காம் பக்கம்:
"என் கன்னத்தை நான் கொடுக்க வேண்டியதில்லை.
கையை நீட்டலாம்.
அதுவும் வரவேற்புதான்."
கீழே அவன் கையின் புகைப்படம்,
நகத்தில் பச்சை மை.

விறகடுப்பின் பக்கத்தில் ஒன்பது மாலைகள் வாசித்தோம்.
பத்தாவது நாள் ஞாயிறு.

எர்மினியா அத்தை வந்தாள், ஆற்றங்கரை மீன்சந்தையிலிருந்து நேராக.
காலையெல்லாம் கடற்சிங்கங்களோடு கத்திச் சண்டைபோட்ட குரல்,
மழைச்சட்டையில் சொட்டும் நீர்,
முன்னே நீண்ட கழுத்து, குவிந்த உதடு.
அவன் கையை நீட்டினான்,
புகைப்படத்தில் இருந்த அதே கோணத்தில்.

அவள் அப்படியே நின்றாள்.
அவளுக்கு யாரும் கதை எழுதிக் கொடுக்கவில்லை.
"ஏன், எனக்கு என்ன சொறியா சிரங்கா?"
என் வாயில் ஏவல்கள் வரிசை கட்டின.
அன்செல்மோ உள்ளே ஓடினான்.
சரி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று நினைத்தேன்.
புத்தகத்தோடு திரும்பி வந்தான்.
பக்கத்தை அவனே விரித்துக் கொடுத்தான்.

அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டு
சில்லறை எண்ணுகிறவளைப் போல உரக்க வாசித்தாள்:
"என் கன்னத்தை… நான்… கொடுக்க வேண்டியதில்லை."
தகரக் கூரையில் மழை.
மறுபடி வாசித்தாள், குரல் இறங்கி,
"நான்" என்ற இடத்தில்
தேவைக்கு மேல் கொஞ்சம் தங்கி.
அறுபத்து மூன்று வயது.
எந்த வருடம், எவன் என்று
நான் கேட்கவில்லை.

பாவாடையில் கையைத் துடைத்து நீட்டினாள்.
அவன் பற்றினான், இரண்டு குலுக்கு, விட்டான்,
தன் உள்ளங்கையை முகர்ந்தான்.
"மீன். இது புத்தகத்தில் இல்லை."
"இல்லைதான்," என்றேன்.
குழாய் வெகுநேரம் ஓடியது.

தேநீர் முடியும்வரை அத்தை
புத்தகத்தை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.
கிளம்பும்போது வாசலில்
பழக்கத்தில் என் கன்னம் முன்னே போய்விட்டது.
அவள் கையை நீட்டினாள்.

இரவு, ஐந்தாம் பக்கம்.
"சிலருடைய கையில் அவர்கள் வேலையின் மணம் இருக்கும்.
பிறகு நான் கழுவிக்கொள்ளலாம்."
கழுவிக்கொள்ளலாம்.
என் கையை நான் இன்னும் கழுவவில்லை.