துரையின் காது

கோலா கெட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் கடையில் நாற்காலிகள் இரண்டு.
ஒன்றுக்கு ஸ்பிரிங் போய்விட்டது.
பத்துமலை அதில்தான் உட்காருவான்,
அங்கிருந்து கண்ணாடியில் முகம் தெரியாது.

தோட்டத்தில் அவன் பெயர் துரை.
பெற்ற இருவரும் அடுப்புச் சட்டி நிறம்,
இவன் மட்டும் தலைமயிர், இமை, முழங்கை ரோமம் வரை
தேங்காய்ப்பூ.
பெரட்டுக் களத்தில் மண்டோரே
'குட் மார்னிங் துரை' என்று சலாம் வைப்பாராம்,
வரிசை சிரிக்குமாம்.
பழைய துரைமார் தொப்பியோடு நிழலில் நின்றார்கள்,
இந்தத் துரைக்கு உரமூட்டை.

'ரப்பர் இருந்தவரை பரவால்லண்ணே,
பால்மரம் குடை பிடிக்கும்' என்பான்.
அதைச் சாய்த்துச் செம்பனைக் கன்று நட்டார்கள்.
முழங்கால் உயர நிழலில்
முழு ஆள் எங்கே ஒளிவது?

முடிவெட்டுகிறவன்
யாரும் தன்னிடமே பார்க்காத இடங்களைப் பார்ப்பான்:
பிடரி, உச்சிச் சுழி, காதின் மேல்விளிம்பு.

தைப்பூசத்துக்கு முதல் வாரம்
அவன் வலது காதில் ஒரு புண்,
பச்சைப்பயறு அளவு.
'என்னடா?'
'முள் கிழிச்சது.'
பவுடர் போட்டுத் தட்டினேன்.

பங்குனியிலும் அதே முள்.
இப்போது மொச்சை அளவு, பொருக்கோடு.
சீப்புப் பல் பட்டதும் ரத்தம்.
படிகாரம் தேய்த்தேன்.
பன்னிரண்டு வெள்ளி தந்தான்,
இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
அதை நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் வந்தது அவன் மனைவி தவமணி.
சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில்
பாதிக் காதை எடுத்துவிட்டார்களாம்.
புற்று. கழுத்துக்கு இறங்கவில்லை.
'மாசக்கணக்கா ஆறாத புண்ணு,
ஒருத்தருமா பார்க்கல?'
டாக்டரம்மா கேட்டதைச் சொன்னாள்,
குறையாக அல்ல,
வீட்டுக்குக் கூட்டிவர என் வேனைக் கேட்க வந்தவள்.
கத்தரிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.
ரொம்ப நேரம் விட்டேன்.

என் அலமாரியில்
சிவப்பாக்கும் கிரீம் ஐந்து வகை,
கல்யாணப் பையன்கள் கேட்டு வாங்குவார்கள்.
வெயிலுக்குப் பூச ஒன்றுமில்லை.
பார்மசியில் விசாரித்தேன்:
ஐம்பது என்று எண் போட்ட குழாய்
நாற்பத்தேழு வெள்ளி.
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டுமாம்.
உர வாளியைக் கீழே வைத்துவிட்டா?

இப்போது அவனுக்கு ராக்காவல்.
தவமணிதான் மானேஜர் ஆபீசுக்குப் போய்
டாக்டர் கடிதத்தை மேசைமேல் வைத்தாள்,
பதில் வரும்வரை கையை எடுக்கவில்லை.
பகலில் வெளியே வந்தால்
முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி,
அதில் அவள் தைத்த பிடரித் துணி, கறுப்புக் குடை.
பொடியன்கள் இன்னும் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

'எனக்கென்ன, நான் கட்டைக் கறுப்பு,
வெயில் என்ன பண்ணும்?' என்றான் லாரிக்காரக் கதிரேசன்.
கறுப்புத் தோலில் அது
உள்ளங்காலில்கூட வருமாம், நகத்தடியில் வருமாம்,
வெயிலே எட்டாத இடத்தில்.
தவமணி கேட்டு வந்து சொன்னது.
அன்று கடை சாத்தியபின்
பிடரி காட்டும் கைக்கண்ணாடியை
என் குதிகாலுக்குப் பிடித்தேன்.
முப்பத்தொரு வருஷம் நின்ற கால்.
வெடிப்பு, வெடிப்புக்குள் முடித்தூள்.
வேறொன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.
விளக்கு மங்கல்.

நேற்று ராத்திரி, வேலைக்குப் போகுமுன்
பத்துமலை வந்தான்.
அதே நாற்காலி.
வலப்பக்கம் சீப்பைச் சாய்க்க இடமில்லை,
கை இரண்டு தடவை தடுமாறியது.
பிறகு இடது காதை மடக்கினேன்,
விளிம்பு, மடல், பின்புறம்.

'அங்க முடி இல்லையேண்ணே.'

'சும்மா இரு' என்றேன்,
விளக்கை இன்னும் கிட்டே இழுத்து.